கிடாரத்தோடு கொழும்புக்கு

ரயிலில் எதைக் கொண்டு போகலாம், எதைக் கொண்டு போகக் கூடாது என்ற கேள்வியை எங்கள் மாமாவிடம் மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் பதில் சொல்வார். அதுதான் பிரச்சினை.

எங்கள் ஊர் கல்முனைக்குடி. ரயில் எங்கள் ஊரை எட்டிப் பார்த்ததில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். கொழும்புக்குப் போகிறவர்கள் அனேகமாக பஸ்ஸில்தான் போவார்கள். உம்மா காக்கா என்று கூப்பிடும் அவருடைய அண்ணனான மாமா பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். சரக்கெடுக்க அடிக்கடி கொழும்புக்குப் போய்வருவார். பஸ்ஸில் போனால் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் மட்டக்களப்பு வரைக்கும் போய் ரயில் ஏறுவார். தலை சுற்றுவது ஒரு தகுதி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் ரயிலைப் பற்றிய கடைசித் தீர்ப்பு அவருடையதாகிவிட்டது. ரயிலைக் கோச்சி என்று ஊரில் எல்லோரும்தான் சொல்வார்கள். மாமா சொல்லும்போது மட்டும் அது அவருடைய சொந்த வாகனம்போலக் கேட்கும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. டிசம்பர் விடுமுறை. என் அக்காவான ராத்தா மாசமாக இருந்தாள், கொழும்பில் இருந்தாள். இரண்டாவது விஷயம்தான் உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவுக்கென்று வாப்பா எங்கள் வளவிலேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். மச்சானும் அதில் கொஞ்சக் காலம் இருந்தார். பிறகு அவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய உம்மாவும் மகனோடு போய்ச் சேர்ந்துகொண்டார். புது வீடு பூட்டிக் கிடந்தது. உம்மா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் அதைத் திறந்து கூட்டுவார். நடக்க ஆளில்லாத நிலத்துக்கு இவ்வளவு தூசி எங்கேயிருந்து வருகிறது என்று எரிச்சலோடு கேட்டுக்கொண்டே கூட்டுவார். அந்தக் கேள்வி யாருக்கு என்று தெரியாமல் நான் பக்கத்தில் நிற்பேன்.

தலைப்பிள்ளை உம்மா வீட்டில் பிறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ராத்தாவைக் கூட்டிவருவதென்று பேசி முடித்திருந்தார்கள். கடைசியில் டொக்டர் நீண்ட பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு உம்மா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு போன் வருவதும், உம்மா அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதுமாகச் சில நாட்கள் கழிந்தன. ஒருநாள் காலையில் புது வீட்டைத் திறந்தார். கூட்டுவதற்கு என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.

கிடாரம் என்றால் கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் சோறாக்குகிற பெரிய பாத்திரம். இது அந்த வகையில் சின்னதுதான். இருந்தாலும் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை வரும். அதைக் கழுவ வேண்டுமென்றால் நான் உள்ளே இறங்கி நிற்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் இலை போட்டு அவித்த தண்ணீரில் வார்க்க வேண்டும், அதற்குக் கிடாரம் வேண்டும், கொழும்பு வீட்டில் தேத்தண்ணி வைக்கிற கேத்தல் மட்டும்தான் இருக்கும் என்றார் உம்மா. மகள் வர முடியாவிட்டால் தான் போவதென்று முடிவெடுத்திருந்தார்.

தனிக் கிடாரம் போகவில்லை. மாவடிப்பள்ளி வயலில் விளைந்த சிவப்பரிசி ஒரு சாக்கு. மிளகும் உள்ளியும் மஞ்சளும் வேறு என்னென்னவோ வேர்களும் சேர்த்து இடித்த பிள்ளைப்பெற்ற சரக்கு. தாய்க்குப் பால் ஊறுவதற்குப் பால்சுறாக் கருவாடு. சாறு வைத்துக் கொடுக்க இரண்டு நாட்டுக் கோழிகள், உயிரோடு. நொச்சி இலை ஒரு பொதி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டு புளிய விறகு. காஸ் அடுப்பில் அவித்த தண்ணீர் உடம்பில் பிடிக்காதாம்.

வாப்பா விதைப்பு வேலையில் இருந்தார். வயலிலிருந்து வந்தவர் விறாந்தையில் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, “வீட்டயும் கழட்டிக் கொண்டு போறயா?” என்று கேட்டார். உம்மா விறகுக் கட்டை இன்னும் இறுக்கிக் கட்டினார். வாப்பாவும் பதிலை எதிர்பார்க்கவில்லை. தனக்கு வயலில் தண்ணீர் கட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவசரமாகத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தப்பித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாமா கிடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, விரலால் தட்டிப் பார்த்தார்.

“கோச்சில என்னத்தயும் கொண்டு போகலாம் தங்கச்சி. பஸ்லதான் கொண்டக்டர்ட மூஞ்சப் பாக்கணும். கோச்சி கார்ட் நம்மட ஆள்.”

மருமகனுக்குச் சொல்லியாயிற்றா என்று மாமா கேட்டதற்கு, “சொல்லலாம், சொல்லலாம்” என்றார் உம்மா. இவ்வளவு மூட்டை கட்டத் தெரிந்தவருக்கு ஒரு போன் எடுக்க நேரமில்லை என்பது எனக்கு அன்றைய பல எரிச்சல்களில் ஒன்றாக இருந்தது.

விடியற்காலை சுபஹு தொழுததும் வேன் பிடித்துப் புறப்பட்டோம். மட்டக்களப்பு ஸ்டேஷனில் மாமா டிக்கட் எடுக்கப் போக, நான் மூட்டைகளுக்குக் காவலாக நின்றேன். சுவரில் ஒரு பலகை இருந்தது. பயணிகள் தங்களோடு எவற்றைக் கொண்டுவரலாம், எவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். உயிருள்ள பிராணிகள் கூடாது. கெட்ட வாடை வீசும் பொருட்கள் கூடாது. எளிதில் தீப்பற்றக்கூடியவை கூடாது. ஆசனத்துக்கு மேலுள்ள தட்டில் அடங்காத பெரிய பொருட்களைப் பொதியாகப் பதிந்து அனுப்ப வேண்டும். கோழி, கருவாடு, விறகு, கிடாரம் என்று நான் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பலகையை எழுதியவர் எங்களைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும்.

மாமா வந்ததும் காட்டினேன். அவர் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அது சிங்களத்திலும் இங்கிலீசிலும் வேறு மாதிரி இருக்கும், தமிழில் பிழையாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். நான் இங்கிலீசையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. இதைச் சொல்ல வாயைத் திறக்கும்போது மாமா என் கையில் விறகுக் கட்டைத் திணித்துவிட்டார்.

பெட்டிக்குள் கிடாரத்தைச் சரித்து ஏற்றியதும் மாமா தன் திட்டத்தைச் சொன்னார். கோழிகள் கிடாரத்துக்குள் போகும். அதற்கு மேல் ஒரு பலகை. மூச்சு விடுவதற்கு ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி. பலகைக்கு மேல் பாய். பாய்க்கு மேல் நான். பார்க்கிறவர்களுக்கு, பிள்ளை ஏதோ ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். கோழி சத்தம் போட்டால் நான் இரும வேண்டும்.

எனக்கு ஆசனம் இருக்கிறது, அதற்கு டிக்கட் எடுத்திருக்கிறது, அது ஜன்னலோரம் என்று சொல்லிப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல்தடவை ரயில் ஏறுகிறேன் என்றும் சொன்னேன். மாமா என் ஜன்னலோர ஆசனத்தில் அரிசிச் சாக்கை வைத்தார். பொலன்னறுவை வரைக்கும் அந்தச் சாக்குத்தான் இயற்கைக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டு வந்தது.

எங்களுக்கு எதிரே ஒரு சிங்களப் பெண் மடியில் கைக்குழந்தையோடு இருந்தார். வாழைச்சேனை தாண்டுவதற்குள் கோழிகளுக்கு அலுத்துவிட்டது. ஒன்று கொக்கரிக்கும், நான் இருமுவேன். மற்றது கொக்கரிக்கும், நான் இன்னும் பலமாக இருமுவேன். அந்தப் பெண் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து, அவித்த கொத்தமல்லித் தண்ணியை மூடியில் ஊற்றி நீட்டினார். எனக்கு அது பிடிக்காது. குடித்தேன். வெலிக்கந்தையில் திரும்பவும் இருமினேன். திரும்பவும் ஊற்றினார். உம்மா என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நித்திரை.

பொலன்னறுவை கழிந்த பிறகு கோச்சியின் கார்ட் டிக்கட் பார்த்துக்கொண்டு வந்தார். மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுச் சிரித்தார். கார்ட் சிரிக்கவில்லை. அவர் மாமாவுடைய ஆள் இல்லை. மாமாவுக்கு அப்படி ஒரு ஆள் எந்தக் கோச்சியிலாவது இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கார்ட் டிக்கட்டுகளைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், போகத் திரும்பினார். பிறகு நின்று மூக்கைச் சுருக்கினார். பால்சுறா.

அவர் கருவாட்டுப் பொதியைத் தேடி மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கீழே ஒரு கோழி முட்டையிட்டது.

முட்டையிட்ட கோழி எப்படிக் கத்தும் என்று கோழி வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிடாரத்துக்குள்ளிருந்து அது கலியாண வீட்டு ஸ்பீக்கரில் வருவதுபோல வந்தது. மற்றக் கோழியும் சேர்ந்துகொண்டது. நான் இருமினேன். தொண்டை கிழியும்வரை இருமினேன். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிங்களப் பெண் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு காலியாகிவிட்ட பிளாஸ்கைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகும்.

கார்ட் என்னை எழும்பச் சொல்லிப் பாயை விலக்கினார். மாமா சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். மாமாவுடைய சிங்களம் துணிக்கடைச் சிங்களம். பேசப் பேச, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பயணி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார். இந்தக் கோழிகள் நல்ல தரம், எத்தனை தடவை துவைத்தாலும் சாயம் போகாது என்று மாமா உத்தரவாதம் கொடுத்ததாக அவர்தான் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

கார்ட் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். துவாய்க்காரர் தமிழில் சொன்னார். அரிசி இருக்கலாம். இலையும் சரக்கும் இருக்கலாம். கருவாட்டை இன்னும் இரண்டு பொலித்தீனுக்குள் போட்டுக் கட்ட வேண்டும். விறகைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கொழும்பில் விறகு இல்லையா என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக நான் அவரை மனதுக்குள் வாழ்த்தினேன். கடைசியில் விறகும் இருக்கட்டும் என்றுவிட்டார். கோழியும் கிடாரமும் மாகோ சந்தியில் இறங்க வேண்டும்.

மாமா உடனே கட்சி மாறினார். மாகோவில் தனக்குத் தெரிந்த கடை இருக்கிறது, கிடாரத்தை அங்கே வைத்துவிட்டுப் போவோம், திரும்பி வரும்போது எடுக்கலாம், கோழியை மடியில் மறைத்துக் கொண்டுவருவது தன் பொறுப்பு என்றார்.

உம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. வெளி மனிதர்களுக்கு முன்னால் அவர் கதைக்க மாட்டார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “கோழிய விடுங்க காக்கா. கிடாரம் வரும்” என்றார்.

எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. கோழியாவது சாறு வைக்க உதவும். அது ராத்தாவின் உடம்புக்கு நல்லது. இது வெறும் பாத்திரம்.

“உம்மா, கொழும்புல கிடாரம் இல்லயா?”

“இரிக்கும்.”

சொல்லிவிட்டு உம்மா எழுந்து கார்டுக்கு முன்னால் போய் நின்றார். தமிழிலேயே பேசினார். எண்ட மகள் என்றார். வயிற்றின் மேல் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். சரக்குப் பொதியை அவிழ்த்து அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினார். நொச்சி இலையை எடுத்துக் கிடாரத்துக்குள் போடுவதுபோலவும், தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றுவதுபோலவும் செய்தார். பெட்டி நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் உம்மா, சந்தைக்குப் போனால்கூட விலையை என்னைக் கேட்கச் சொல்கிற என் உம்மா, ஓடுகிற ரயிலில் குளித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

சிங்களப் பெண்தான் முதலில் விளங்கிக்கொண்டார். தன் மடியிலிருந்த குழந்தையைக் காட்டிக் கார்டிடம் நிறையப் பேசினார். அவர் என்ன சொன்னார் என்று துவாய்க்காரர் மொழிபெயர்க்கவில்லை. கார்ட் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், மாகோவில் பொதிச் சீட்டு எடுத்துக்கொண்டு வந்தால் கிடாரத்தைத் தன் பெட்டியில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். கோழிக்கு இடமில்லை.

அந்தப் பெண் மாகோவில் இறங்க வேண்டியவர். உம்மா கோழிகளின் கால்களைக் கட்டி அவருடைய கையில் கொடுத்தார். அவர் வேண்டாம் என்றார். உம்மா சூடு ஆறாத முட்டையையும் எடுத்துக் கொடுத்தார். முட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு இறங்கினார். போகும்போது என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அது இருமலுக்கானது, நியாயமானதுதான்.

மாகோவில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். கோச்சியைப் பற்றித் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்பதால் பொதிச் சீட்டு எடுக்க மாமா இறங்கி ஓடினார். உம்மாவும் கார்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிடாரத்தைக் கடைசிப் பெட்டிக்குக் கொண்டு போனார்கள். உம்மா அங்கேயே நின்றுவிடப் பார்த்தார். அதற்கும் அனுமதியில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சீட்டு ஒன்றைக் கார்டிடம் நீட்டிவிட்டு, மிச்சமிருந்ததற்கும் ஒரு துண்டுச் சீட்டு வாங்க வேண்டுமென்று கத்திக்கொண்டு மாமா மறுபடியும் உள்ளே ஓடுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். என்ன மிச்சம், எதற்குத் துண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரயில் அசைந்தது. மாமா வெளியே வந்தார். கையில் கடதாசியை ஆட்டிக்கொண்டு, ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். மேடை முடிந்தது. மாமாவும் முடிந்தார்.

எங்கள் டிக்கட்டுகள் அவருடைய சட்டைப் பையில் இருந்தன.

சற்று நேரத்தில் உம்மாவின் போன் அடித்தது. “ஒண்டும் யோசிக்காத தங்கச்சி. கோச்சி எல்லாம் எனக்குத் தெரியும். பின்னால வாறன்” என்று மாமா சத்தம் போட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது.

அப்போதுதான் நான் அழத் தொடங்கினேன். பயத்தில் அழுதேன் என்று உம்மா நினைத்திருப்பார். பயமும் இருந்தது, எங்கள் இருவருக்கும் சிங்களம் தெரியாது, டிக்கட் இல்லை, கொழும்பை நான் கண்டதில்லை. ஆனால் அதைவிட எரிச்சல்தான் அதிகம். இந்தக் கிடாரத்தால்தான் எல்லாம் என்றேன். ராத்தாவுக்கு இது தேவையே இல்லை, அவள் கேட்கவும் இல்லை, ஊரில் யாருடைய உம்மாவும் இப்படிச் செய்ய மாட்டார் என்றேன். உம்மா என்னை அடிக்கவில்லை. பார்சலை அவிழ்த்துப் புட்டையும் பொரித்த மீனையும் என் மடியில் வைத்தார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை. பொல்காவலை வந்தபோதுதான் மச்சானுக்குப் போன் எடுத்தார்.

“மகன், நான் கோச்சில வாறன். கிட்ட வந்திட்டன். ஒரு வாகனம் கொண்டாங்க, சாமான் இரிக்கி.”

மறுபக்கத்தில் “கோச்சிலயா?” என்றது எனக்கும் கேட்டது. பிறகு மச்சான் ஏதோ சொன்னார். உம்மா “ஓம், ஓம்” என்று வைத்துவிட்டார்.

கோட்டை ஸ்டேஷனில் கார்ட் தன் கையாலேயே கிடாரத்தை இறக்கித் தந்தார். வாசலில் டிக்கட் வாங்குகிறவரிடம் எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் எங்களைப் போகவிட்டார். கார்ட் உம்மாவிடம் சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். உம்மா தமிழில் ஒரு துஆச் சொல்லி வாழ்த்தினார். இருவரும் விளங்கியதுபோலத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மச்சான் ஒரு சின்ன லொறியோடு வந்திருந்தார். ஸலாம் சொல்லிவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிடாரத்துக்கு வந்ததும் அவர் முகத்தில் என்னவோ நடந்தது. பாரத்தை நினைக்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

“மாமி, இவ்வளவும் எத்தின நாளைக்கி?”

“நாப்பதுக்கும் காணும், மகன்.”

நான் அரிசிச் சாக்கைப் பார்த்தேன். நாற்பது நாளைக்கும் போதும்தான்.

அவர்களுடைய வீடு ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருந்தது. லொறியோடு வந்த இரண்டு பேர் கிடாரத்தைப் படிகளில் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அது சுவரில் மோதி மணியடித்தது. ஒவ்வொரு தட்டிலும் கதவுகள் திறந்தன. மூன்றாம் தட்டில் மச்சானின் உம்மா வாசலில் நின்று எங்களை வாங்க என்றார். சொல்லும்போது கதவின் ஒரு பாதியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கிடாரம் நுழைய வேண்டியிருந்ததால் மற்றப் பாதியையும் திறக்க வேண்டியதாயிற்று. ராத்தா உள்ளறையிலிருந்து வந்தாள். வயிறு மட்டும் பெரிதாகி, முகம் ஒடுங்கிப் போயிருந்தது. உம்மாவின் கையைப் பிடித்தவள், மாமியார் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன பிறகும் விடவில்லை.

ராத்தா இதைப் பற்றி என்னிடம் பேசியது பல வருடங்களுக்குப் பிறகு, எனக்கும் கலியாணம் முடிந்து நானும் மாசமாக இருந்த காலத்தில்தான். டொக்டர் பயணம் கூடாது என்றது உண்மை. அதற்குப் பிறகு கிணற்றடியில் நடந்த போன் பேச்சுகள்தான் எனக்குத் தெரியாதவை. வீடு சின்னது, ஆட்கள் தங்க வசதியில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாக மச்சானின் உம்மா சொல்லிவிட்டாராம். நாற்பது முடிந்த பிறகு நீங்கள் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் மாமி என்று மச்சான் மரியாதையாகச் சொன்னாராம். ராத்தாவும் எல்லோருக்கும் முன்னால் போனை வாங்கி, ஓம் உம்மா, இங்க எல்லாம் நல்லம், நீங்க அலைய வேணாம் என்று சொன்னாளாம். உம்மா அதற்கு ஓம் மகள் என்று மட்டும் சொன்னாராம்.

அன்றைக்கு நாங்கள் அழைப்பில்லாமல் போய் நின்றோம் என்பது எனக்குத் தெரியாது. அழைப்பில்லாமல் வருகிறவள் ஒரு கைப்பையோடு வந்தால் தேத்தண்ணி கொடுத்து, பின்னேர பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கலாம் என்பதும் தெரியாது. கோழியோடும் கருவாட்டோடும் வந்தால்கூட வாங்கி வைத்துக்கொண்டு, ஜஸாக்கல்லாஹு கைர் என்று நன்றி சொல்லி வழியனுப்பிவிடலாம்.

பிள்ளை அந்த மாதமே பிறந்தது, பெண்பிள்ளை. கீழ்த்தட்டுக்காரர்களிடம் கேட்டுப் பின்வளவில் கல் வைத்து, எங்கள் விறகில்தான் தண்ணீர் அவித்தோம். மூன்று தட்டுக்கும் வாளி தூக்கியதில் உம்மா ஒரு பிடியும் மச்சானின் உம்மா மறு பிடியும் பிடித்தார்கள். முதல் சில நாட்கள் பேசாமல் தூக்கினார்கள். பிறகு ஓயாமல் பேசிக்கொண்டு தூக்கினார்கள். ராத்தாவின் கன்னம் மெல்ல மெல்ல நிரம்பி வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வந்திறங்கிய அந்தப் பின்னேரத்தைப் பற்றி. கிடாரத்துக்கு அந்த வீட்டில் இடமிருக்கவில்லை. குளியலறைக் கதவுக்குள் அது நுழையவில்லை. குசினியில் வைத்தால் ஆள் நிற்க முடியாது. கடைசியில் ஹோலுக்கு நடுவில் வைத்தார்கள். யார் எங்கே போவதென்றாலும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மச்சானின் உம்மா தேத்தண்ணித் தட்டோடு ஒருதரம் சுற்றி வந்தார், பிஸ்கட் தட்டோடு இன்னொருதரம் சுற்றி வந்தார். பிறகு எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, ஊரில் மழை எப்படி, விதைப்பு முடிந்ததா என்று விசாரித்தார். விசாரித்துக்கொண்டே கிடாரத்தைப் பார்த்தார். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து அதன் மேல் உட்கார்ந்து, அதற்காக இருமி, கொத்தமல்லித் தண்ணி குடித்து, மாமாவையும் தொலைத்துவிட்டு வந்த எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“இத இனி ஆரு திரும்பிக் கொண்டு போற?” என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

மச்சான் தன் உம்மாவைப் பார்த்தார். ராத்தா தலையைக் குனிந்துகொண்டாள். மச்சானின் உம்மா கிடாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே இறங்கிப் போகிற படிகளைப் பார்த்தார். என் உம்மா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.

மச்சானின் உம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார்.

“அப்ப நான் உங்களுக்குப் பாய எடுத்து மகள்ட அறைக்குள்ள விரிக்கிறன்” என்றார்.

நான் கேட்டது ஒன்று, இவர் சொல்வது வேறொன்று என்று எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது.